உண்மை வந்தாளா, வந்ததா?

உருதுவிலிருந்து நேரடியாக மொழிபெயர்க்கும் நண்பர்களின் கையெழுத்துப் படிகளில் நாங்கள் அடிக்கடி இடறும் இடம் ஒன்று உண்டு. உண்மையும் பொய்யும் அறிவும் ஆசையும் ஆட்களாக நடமாடும் கட்டுரைகளில், "உண்மை வந்தது, பொய் ஓடியது" என்று எழுதிவிடுகிறார்கள். அந்த ஒரு 'து'வில், அரசியாக வரும் உண்மை அஃறிணையாகிவிடுகிறாள்.

முகம்மது உசேன் ஆசாத் 1880இல் வெளியிட்ட 'நைரங்கே கயால்' தொகுப்பில் உண்மைக்கும் பொய்க்கும் நடக்கும் போரைப் பாருங்கள். அந்தக் கட்டுரையின் தலைப்பில் உண்மையைக் குறிக்கும் 'சச்' ஆண்பால் சொல். ஆனால் உண்மையை மேடையேற்றும்போது ஆசாத் 'சதாகத்' என்ற பெண்பால் சொல்லை எடுத்துக்கொண்டு, 'மலிகா சதாகத் ஜமானி' என்று அரசியின் பெயர் சூட்டுகிறார். மரியம் உஸ் ஜமானி போன்ற முகலாயப் பட்டப்பெயர்களைக் கேட்டுப் பழகிய காதுக்கு, அந்த 'ஜமானி'யில் அரண்மனையே எழுந்து நிற்கும். எதிரே நிற்பவன் 'தரோக் தேவ்ஜாத்', அரக்கன் பெற்ற பொய். கரு ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சனுடையது. உடையும் நடையும் பழைய தில்லியுடையவை. அந்த ஆங்கிலக் கருவை எடுத்தாண்ட ஆசாத், 1857இல் ஆங்கிலேயர் கையில் தந்தையைப் பறிகொடுத்தவர் என்பதையும் நினைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

அகராதி சொல்லும் பாலை அப்படியே பின்பற்றினாலும் தவறிவிடுவோம். கோல்கொண்டாவில் முல்லா வஜ்ஹி 1635இல் எழுதிய 'சப்ரஸ்' நூலில் அறிவு அரசன், அழகு இளவரசி. இன்றைய உருதுவிலோ அறிவைக் குறிக்கும் 'அக்ல்' பெண்பால், அழகைக் குறிக்கும் 'ஹுஸ்ன்' ஆண்பால். ஆக, எழுதியவர் அந்தப் பாத்திரத்தை யாராகக் கண்டார் என்பதே நமக்கு வழிகாட்டி.

பெயரை ஒலிபெயர்த்து அடைப்புக்குறிக்குள் பொருள் தருவதை நான் ஏற்கவில்லை. வாசகர் ஒவ்வொரு முறையும் கதையை விட்டு வெளியே வந்து திரும்ப வேண்டியிருக்கிறது. 'வாய்மை நாச்சியார்' என்று எழுதிப் பாருங்கள். அரசியும் வருகிறார், பொருளும் விளங்குகிறது, வினைமுற்றும் தானே உயர்திணைக்கு மாறிக்கொள்கிறது. அஃறிணைப் பொருளைப் பேசவைக்க நன்னூலே இடம் தந்திருக்க, நமக்கு ஏன் தயக்கம்?

அடுத்த படியை அனுப்புமுன் வினைமுற்றுகளை ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிடுங்கள். உருது மூலத்தின் பக்கங்களையும் சேர்த்து அனுப்புங்கள். இருவரும் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்ப்போம்.