விலை விவரக் குழுவில் விளம்பரக் குப்பை



நம் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் இனி நிர்வாகிகள் மட்டுமே செய்தி போடலாம், மற்றவர்கள் படிக்க மட்டும் செய்யலாம் என்று மாற்றிவிட வேண்டும் என்பதாகச் சென்ற மாதக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. நல்ல கைதட்டலும் கிடைத்தது. அந்த யோசனையை நான் எதிர்க்கிறேன். கூட்டத்தில் நேரம் இல்லாததால் காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

கோபம் நியாயமானதுதான். காலையில் போனைத் திறந்தால் துவரம்பருப்பு விலை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது. ஐந்து நிமிடத்தில் கடன், வீட்டிலிருந்தே சம்பாத்தியம், ஷேர் மார்க்கெட் டிப்ஸ், யாரோ ஒரு ஜோதிடர், ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம் என்று விரல் வலிக்கத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். விருதுநகர் நிலவரம் தெரிய ஒரு காலத்தில் டிரங்கால் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். இப்போது நிலவரம் கையிலேயே இருக்கிறது. ஆனால் மேலே ஒரு வண்டிக் குப்பை கொட்டிக் கிடக்கிறது.

இது வெறும் எரிச்சலோடு நின்றால் எழுதவே மாட்டேன். சில மாதங்களுக்கு முன் மயிலாப்பூர் பக்கத்தில் சிறு மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர், காலை ஏழு மணிக்குக் குழுவில் ஒரு செய்தி போட்டார். ஒரு லோடில் வந்த 15 கிலோ எண்ணெய் டின்களில் எடை குறைகிறது, எடுப்பவர்கள் தராசில் வைத்துப் பார்த்து எடுங்கள் என்று. போட்டோவும் போட்டிருந்தார். மற்றவர்கள் கடை திறந்து போனைப் பார்ப்பதற்குள் அந்தச் செய்தி எங்கோ கீழே போய்விட்டது. மந்தைவெளியிலும் அடையாறிலும் அதே லோடை மதியம் இறக்கிக்கொண்டவர்கள் உண்டு. எடைக்குறைவு வாடிக்கையாளர் வாயிலாகத்தான் அவர்களுக்குத் தெரிந்தது. சில்லறைக் கடைக்காரருக்கு அதைவிடத் தலைகுனிவு வேறு இல்லை.

இந்த நோய் நம் குழுவுக்கு மட்டும் வந்ததல்ல. வாட்ஸ்அப் வருவதற்கு வெகுகாலம் முன்பே 'யூஸ்நெட்' என்று கம்ப்யூட்டர் வழிக் கலந்துரையாடல் குழுக்கள் இருந்தன. விஞ்ஞானம், சமையல், சினிமா என்று ஆயிரக்கணக்கான குழுக்கள். பெரும்பாலானவற்றுக்கு மேற்பார்வையாளர் கிடையாது, யாரும் எதையும் எழுதலாம். 1994 ஏப்ரலில் அமெரிக்காவின் அரிசோனாவைச் சேர்ந்த தம்பதியான இரண்டு வழக்கறிஞர்கள், கிரீன் கார்டு லாட்டரிக்கு விண்ணப்பம் எழுதித் தருகிறோம் என்ற ஒரே விளம்பரத்தை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்களில் ஒரே மூச்சில் போட்டார்கள். படித்தவர்கள் கொதித்துப்போய் அவர்களுக்கு இணைப்பு கொடுத்த கம்பெனிக்குப் புகாராகக் குவித்தார்கள். கம்பெனி கணக்கைத் துண்டித்தது. அந்தத் தம்பதி வருந்தவில்லை, இப்படிப் பணம் பண்ணுவது எப்படி என்று புத்தகமே போட்டார்கள்! அவர்கள் வழியில் ஆயிரம் பேர் வந்தார்கள். 2024 பிப்ரவரியில் கூகுள் நிறுவனம் தன் வழியாக யூஸ்நெட்டில் எழுதும் வசதியையே நிறுத்தியது. சொன்ன காரணங்களில் ஒன்று, அங்கே வருவதில் பெரும்பங்கு குப்பையாகிவிட்டது என்பது. முப்பது வருஷத்தில் கதை முடிந்துவிட்டது.

ஏன் இப்படி ஆகிறது என்பது வியாபாரிக்கு எளிதில் புரியும். பனகல் பார்க் வாசலில் நோட்டீஸ் கொடுக்க வேண்டுமானால் அச்சுக்கூலி உண்டு, காகித விலை உண்டு, நின்று கொடுக்கும் பையனுக்குக் கூலி உண்டு. ஆகவே எத்தனை அச்சடிப்பது என்று கணக்குப் பார்ப்போம். குழுவில் போடுகிறவனுக்கு ஒரு செய்தியும் ஒன்றுதான், ஆயிரமும் ஒன்றுதான். செலவு முழுவதும் படிக்கிறவன் தலையில். ஆயிரம் பேரில் ஒருவர் ஏமாந்தாலும் அவனுக்கு லாபம், அப்புறம் ஏன் நிறுத்தப் போகிறான்?

அரசாங்கம் தடுக்காதா என்று கேட்கிறார்கள். தொல்லை தரும் வியாபார அழைப்புக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் 1909-ல் புகார் செய்யலாம். 2025 பிப்ரவரியில் டிராய் கொண்டுவந்த திருத்தத்தின்படி ஏழு நாட்களுக்குள் புகார் கொடுத்தால் போதும், முன்பு மூன்றே நாள்தான். ஆனால் வாட்ஸ்அப் குழு அந்த விதிக்குள் வராது. பணம் பறிபோனால் 1930 என்ற எண்ணுக்கு உடனே, அந்த மணி நேரத்திலேயே சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதச் சலான் என்ற பெயரில் வரும் ஏ.பி.கே. கோப்பைத் திறந்து போனில் நிறுவிவிட்டால் போன் அவன் வசமாகிவிடலாம். அப்படி ஒன்று நம் குழுவிலேயே 'இன்றைய விலைப்பட்டியல்' என்ற பெயரில் வர எவ்வளவு நேரம் ஆகும்?

சரி, அப்படியானால் நிர்வாகிகள் மட்டுமே எழுதட்டும் என்பதில் என்ன தப்பு? எண்ணெய் டின் செய்தியைப் போட்டவர் நிர்வாகி அல்ல. எட்டுக்குப் பத்து கடைக்காரர். குழுவைப் பூட்டினால் நாங்கள் மொத்த வியாபாரிகள் போடும் விலை மட்டும் மேலிருந்து கீழே வரும். சரக்கு மோசம், பில்லில் தவறு, பாக்கி வைத்துவிட்டு இன்னார் அடுத்த தெருவுக்கு மாறிவிட்டார் என்கிற விஷயங்கள் கீழிருந்து மேலே வராது. மொத்த வியாபாரியான எனக்கு அது சௌகரியம்தான். என் சரக்கைப் பற்றிக் குறை சொல்ல ஆள் இருக்காது. சில்லறைக் கடைக்காரர்கள் இதற்கா கைதட்டினார்கள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

குழு திறந்தே இருக்கட்டும், வாசலில் ஒரு ஆள் நிற்கட்டும். இதுதான் என் கட்சி. வெளியாட்கள் உள்ளே வருவதற்கு முக்கியக் காரணம், குழுவின் இணைப்பு லிங்க்கைச் சங்க நோட்டீஸிலேயே அச்சடித்து எல்லாருக்கும் கொடுத்தது. அந்தப் பழைய லிங்க்கை அட்மின் ஒரே நிமிடத்தில் செல்லாததாக்கிவிடலாம். புதிதாக வருகிறவரை அட்மின் அனுமதித்த பிறகே சேர்க்கும் வசதியும் இருக்கிறது. உறுப்பினர் எண்ணைச் சொன்னால் சேர்ப்பது, இல்லையேல் இல்லை. யார் போட்ட செய்தியையும் எல்லார் போனிலிருந்தும் நீக்கும் அதிகாரம் 2022 முதல் அட்மினுக்கு உண்டு.

எதை நீக்குவது என்பதில்தான் சண்டை வரும். 'அவர் விளம்பரத்தை விட்டீர்கள், என்னுடையதை மட்டும் ஏன் எடுத்தீர்கள்' என்று ஆரம்பித்துக் கட்சி, சாதி வரை போகும். இதற்கு யூஸ்நெட்காரர்கள் கண்ட வழி எனக்குப் பிடித்திருக்கிறது. செய்தி நல்லதா கெட்டதா என்று அவர்கள் பார்க்கவில்லை, ஒரே செய்தியை எத்தனை முறை, எத்தனை இடத்தில் போட்டான் என்று மட்டும் எண்ணினார்கள். நாமும் எண்ணுவோம். ஒரே விஷயம் ஒரு நாளில் இரண்டாம் முறை வந்தால், யார் போட்டதானாலும், நீக்கு. காலை, மதியம், மாலை என்று மூன்று வேளை மருந்து போல அதே ரேட் லிஸ்ட்டைப் போடும் மொத்த வியாபாரிகளுக்கும் இது பொருந்தும். சிலருக்குக் கசக்கும். உறுப்பினர் அல்லாதவர் போட்டது முதல் முறையிலேயே போகட்டும்.

இன்னொன்று, குப்பை வந்தவுடன் 'இவனை யார் சேர்த்தது?' என்று முப்பது பேர் முப்பது பதில் எழுதுகிறார்களே, அதையும் நிறுத்த வேண்டும். பல நாள் விளம்பரத்தைவிட அதைத் திட்டிய செய்திகள்தான் இடத்தை அடைக்கின்றன. பார்த்தால் அட்மினுக்குத் தனியாக ஒரு வரி அனுப்புங்கள், போதும்.

அட்மின் ஆனால் போலீஸ் கேஸ் வரும் என்று பயந்து பலர் ஒதுங்குகிறார்கள். கரூர் வழக்கறிஞர்கள் குழு ஒன்றின் அட்மின், தன் மேல் போட்ட வழக்கை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். அவர் அட்மின் என்பதற்கு மேல் எதுவும் செய்யவில்லை என்றால் அவர் பெயரை வழக்கிலிருந்து நீக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடுத்தவன் எழுதியதற்கு நீங்கள் உள்ளே போக வேண்டியதில்லை.

ஒரே ஆள் நாள் முழுக்கப் போனும் கையுமாக இருக்க முடியாது, கடை நடக்க வேண்டுமே. நான்கு பேர் முறை வைத்துப் பார்த்தால் போதும். மயிலாப்பூர், தி.நகர், மந்தைவெளி மூன்று பகுதியிலும் தலைக்கு ஒருவர் சம்மதித்திருக்கிறார்கள். அடையாறு பகுதிக்கு இன்னும் ஆள் அமையவில்லை. அங்கே காலை ஆறு முதல் எட்டு வரை பார்க்கக்கூடிய உறுப்பினர் யாராவது இருந்தால், அடுத்த கூட்டத்துக்கு முன் செயலாளரிடம் பெயர் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.