ஊர்ப்படம் ஊராருக்கே!

கங்கைகொண்டான்!

நெல்லையிலிருந்து மதுரை செல்லும் பெருவழியில், சிற்றாற்றங்கரையில் அமைந்த ஊர். கங்கை எங்கே, பொருநை எங்கே? பாண்டி நாட்டுச் சிற்றூர் ஒன்றுக்குக் கங்கை கொண்டவன் பெயர் வந்த காரணம் என்ன?

இத்தகைய கேள்வியை நம் ஊர்களில் எழுப்பினால் பெரும்பாலும் கிடைக்கும் விடை தலபுராணம். எந்தத் தேவன், எந்தச் சாபம் தீர, எந்தத் துறையில் நீராடினான் என்று விரிவாக உரைப்பர். அந்தத் துறைக்குத் தண்ணீர் கொண்டுவந்த காலை வெட்டியவர் யார், பின்னாளில் அதைத் தூர்த்தவர் யார் என்று கேளுங்கள்; வாய் திறவார்!

வரலாறு வேறு விடை தருகிறது. 11ஆம் நூற்றாண்டில் பாண்டி நாடு சோழர் ஆட்சியின்கீழ் இருந்தது. 'இராசராசப் பாண்டிநாடு' என்று நாட்டின் பெயரே மாற்றப்பட்டது. இராசேந்திரன் தன் மகனைச் 'சோழ பாண்டியன்' என்ற பட்டத்துடன் இங்கு ஆளவைத்தான். கங்கைகொண்டான் என்பதும் அவன் பட்டப்பெயரே. வென்றவன் பதித்த முத்திரையை ஆயிரம் ஆண்டுகளாக ஓர் ஊர் சுமந்து நிற்கிறது.

ஆனால் மன்னன் பெயரோடு வரலாறு முடிந்துவிடுமா? உழுதவன், குளம் வெட்டியவன், கரை காத்தவன் வரலாறு எங்கே? அதைத் தேடுவோருக்கு நாம் காட்டும் ஏடு ஒன்று உண்டு. அது பழைய நிலப்படம்.

இந்திய நில அளவைத் துறை 58 எச் என்று எண்ணிட்ட தொகுதியில் நெல்லைச் சீமையின் பெரும்பகுதி அடங்கும். ஒரு மைல் நிலத்தை ஓர் அங்குலத் தாளில் ஒடுக்கிக் காட்டும் பழைய படங்கள் அவை. அவற்றின் குறிவிளக்கத்தைப் பாருங்கள்: மக்கள் வாழும் ஊருக்கு ஒரு குறி, மக்கள் கைவிட்டுப்போன ஊருக்கு வேறொரு குறி. கோவிலும் கோட்டையும், கிணறும் கல்லறையும், பனங்காடும் வண்டிப்பாதையும் தனித்தனிக் குறிகளோடு நிற்கும். மேட்டையும் பள்ளத்தையும் உயரக்கோடுகள் உரைக்கும். 1876இல் மணியாச்சியிலிருந்து நெல்லைக்கு இருப்புப்பாதை வந்தது. அதற்கு முந்திய படத்தையும் பிந்திய படத்தையும் அருகருகே விரித்தால், ஒரு வட்டாரத்தின் வாழ்வு திசைமாறிய கதை கண்முன் விரியும்.

எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர்! சிற்றாற்றின் அணைக்கட்டு வரிசையில் கங்கைகொண்டான் பெயர் தாங்கிய அணைக்கட்டும் ஒன்று. அணைக்கட்டிலிருந்து கால்; காலிலிருந்து குளம்; குளத்தின் மறுகாலிலிருந்து அடுத்த குளம்; எஞ்சிய ஆறு சீவலப்பேரியில் பொருநையோடு கலக்கிறது. பொருநையின் எட்டு அணைக்கட்டுகளில் ஏழு, ஆங்கிலேயர் ஆட்சிக்கு முன்னரே நம் மக்கள் கட்டியவை. திருவைகுண்டம் ஒன்றே அவர்கள் காலத்தது. நம் முன்னோர் அறிவுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

"வெள்ளையன் வரைந்த தாளுக்கு இத்தனை புகழ்ச்சியா?" என்று சிலர் சீறக்கூடும். அவன் எதற்காக வரைந்தான் என்பதை நாம் மறக்கவில்லை. 1801இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டமாயிற்று. அதே ஆண்டு நெல்லைச் சீமை முழுதும் கும்பெனியார் ஆட்சிக்குள் வீழ்ந்தது. அடுத்த ஆண்டு, 1802 ஏப்ரல் 10ஆம் நாள், சென்னைப் பரங்கிமலையருகே லாம்டன் என்ற படைத்துறை அதிகாரி ஏழரை மைல் நீள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக விரிந்த அளவை குமரிமுனை வரை வந்தது. வாள் போன வழியே சங்கிலி வந்தது. வரி வாங்கவும் படை நடத்தவும் பிறந்த படம் அது! 1808இல் தஞ்சைப் பெரிய கோவில் கோபுரத்தின்மீது அளவைக்கருவியை ஏற்றியபோது அது மோதிப் பழுதுற்ற செய்தி நூல்களில் உண்டு. அந்த அரை டன் பாரத்தைச் சுமந்த தோள்கள் யாருடையவை? சங்கிலி பிடித்தவரும், கல் நட்டவரும், கொடியேந்தி மலையேறியவரும் நம்மவரே. அவர்கள் பெயர் எந்தப் படத்திலும் இல்லை.

எனவே படத்தையும் கேள்வி கேட்டே படிக்கவேண்டும் என்கிறோம். திருநெல்வேலியைத் 'தின்னவேலி' என்றும், தூத்துக்குடியைத் 'தூத்துக்கொரின்' என்றும் சிதைத்த கை அது. மற்றொன்றையும் காணலாம். ஊரென்று பெயர் பொறித்த வீட்டுத் தொகுதிக்கு அப்பால், வயல்களுக்கிடையே, பெயரே இல்லாத சிறு திட்டுகள்! அங்கு வாழ்ந்தோர் யார் என்று நாம் சொல்லவும் வேண்டுமோ? சாதி கிழித்த கோட்டை, அளக்க வந்தவன் அப்படியே தாளில் இறக்கிவிட்டுப் போனான். 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. அந்தப் பஞ்சமி நிலம் இன்று எவர் கையில் இருக்கிறது என்று கேட்போரும், பழைய பதிவேட்டையும் புலப்படத்தையும் தேடித்தான் அலைகின்றனர். தலபுராணம் பட்டா ஆகாது!

2023 டிசம்பர் 17, 18ஆம் நாள்களை நெல்லைச் சீமை மறக்குமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. குளங்கள் உடைந்தன, ஊர்கள் தீவுகளாயின, உயிர்கள் மாண்டன. அத்துணை மழையை எந்தக் குளமும் முழுதாகத் தாங்காது என்பது உண்மை. ஆயினும் மறுகால் ஓடிய தடத்தில் மனை பிரித்தவனும், கால் சென்ற வழியில் சுவர் எழுப்பியவனும், அதற்கு ஒப்புதல் அளித்தவனும் மழையின்மேல் பழிபோட்டுத் தப்பலாமா? தண்ணீர் பழைய படத்தை மறக்கவில்லை, நாம்தான் மறந்தோம். தலைநகரில் மாம்பலத்து நெடுங்குளத்தைத் தூர்த்துத் தியாகராயநகரை எழுப்பினர். ஏரி போயிற்று, ஏரிப்பெயர் தாங்கிய சாலை மட்டும் மிஞ்சிற்று. அந்தப் பாடத்தைச் சிற்றூர்களும் கற்கவேண்டுமா?

இத்துணை பயனுள்ள படங்களைப் பூட்டி வைத்தார்களே, அதை என்னென்பது! கடற்கரையை அடுத்த பகுதிகளின் விரிவான படங்கள், பாதுகாப்பின் பெயரால் பல்லாண்டுகள் பொதுமக்களுக்கு மறுக்கப்பட்டன. அமெரிக்கப் படைத்துறை 1950களில் அச்சிட்ட இந்தியப் படங்களையோ, டெக்சாசு பல்கலைக்கழக நூலகம் உலகமே காண இணையத்தில் வைத்தது. நம் ஊர் அயலானுக்குத் தெரியலாம், ஊரானுக்குத் தெரியலாகாது! 2005இல் பொதுமக்களுக்கெனத் தனிப்பட வரிசை அறிவிக்கப்பட்டது. 2021இல் கட்டுப்பாடுகள் பெரிதும் தளர்ந்தன. புலப்படமும் அ-பதிவேடும் இன்று இணையத்தில் கிடைக்கின்றன. வரவேற்கிறோம். ஆனால் அவை இன்றைய நிலையைக் கூறும். நேற்று என்ன இருந்தது, இடையில் எது மறைந்தது என்பதைக் கூறா.

ஆகவே நாம் கேட்பது இது: ஒவ்வோர் ஊராட்சி அலுவலகத்திலும், ஒவ்வொரு பள்ளியிலும், அவ்வூரின் பழைய படமும் இன்றைய படமும் அருகருகே, தமிழ்ப் பெயர்களோடு, எல்லோரும் காணத் தொங்கவேண்டும். மறைந்த குளமும் காலும் அதில் குறிக்கப்படவேண்டும். மாணவர்கள் அப்படத்தை ஏந்தி, முதியோரை உடனழைத்து, கரைகரையாக நடக்கட்டும். பெயரில்லாத் திட்டுகளில் வாழ்ந்தோர் தம் இடத்துக்கு இட்ட பெயரென்ன என்று அவர்களிடமே கேட்டு எழுதட்டும்.

செலவு அதிகமில்லை, துணிவுதான் வேண்டும். ஏனெனில் அந்தப் படம் சுவரில் ஏறும் நாளில், "இந்தக் குளம் எங்கே?" என்று ஒரு சிறுவன் கேட்பான். விடை சொல்லவேண்டியவர்கள் ஊரிலேயே இருப்பார்கள்.

கங்கைகொண்டவன் பெயரை ஆயிரம் ஆண்டுகள் காத்த மக்கள், தம் குளத்தின் பெயரைக் காக்கக் கூடாதா?