வகுப்புப் பெயர் தமிழில் இருந்தால் கணினி ஏற்காதா?

“தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைக்கு நிரல் எழுத வராது. அதற்கு ஆங்கிலந்தான் வேண்டும்.” ஜொகூரில் இந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. கூலாய்ப் பக்கம் தரவு மையங்கள் எழும்ப எழும்ப, இதுவும் வலுக்கிறது. இப்படிச் சொல்கின்ற பெற்றோரையும் ஆசிரியரையும் ஒன்று கேட்கிறேன்: நிரலில் எது ஆங்கிலம், எது நாம் இடும் பெயர் என்று பிரித்துப் பார்த்ததுண்டா?

இணையப் பக்கத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் இருவகைக் குறிகள் இடலாம். ஒன்று அடையாளக் குறி. அது அடையாள அட்டை எண்போல, ஒரு பக்கத்தில் ஒன்றற்கே உரியது. மற்றொன்று வகுப்புப் பெயர். அது பலவற்றிற்குப் பொதுவானது. ஓர் உறுப்பு பல வகுப்புகளிலும் இருக்கலாம். “இவ்வகுப்பினர் எழுந்து நில்லுங்கள்” என்று ஆசிரியர் அழைப்பதைப் போல, ஜாவாஸ்கிரிப்டில் ‘கெட்எலிமென்ட்ஸ்பைகிளாஸ்நேம்’ என்னும் கட்டளை அவ்வகுப்பின் உறுப்புகள் அனைத்தையும் திரட்டித் தரும். ‘குவெரிசெலக்டர்ஆல்’ கட்டளையும் அதையே செய்யும். ஆனால் பெயருக்கு முன் புள்ளி வேண்டும்.

கட்டளைச் சொல் ஆங்கிலம், மறுக்கவில்லை. ஆனால் வகுப்புப் பெயரை இடும் உரிமை நிரலருடையது. ‘தவறு’ என்று பெயரிட்டு ‘.தவறு’ என்று தேடினால் உலாவி தடையின்றிக் கண்டுபிடிக்கும். அது பொருளை ஆராய்வதில்லை; எழுத்துக் குறியீடுகள் பொருந்துகின்றனவா என்று மட்டுமே பார்க்கும். தமிழுக்கு 1991ஆம் ஆண்டு முதலே யூனிகோடில் இடமுண்டு. ஆங்கிலப் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் மாறினால் தேடல் பொய்க்கும். தமிழில் அத்தொல்லையே இல்லை!

தமிழுக்கென்று கவனிக்க வேண்டியவையும் உண்டு:

1. இடைவெளி விட்டால் இரண்டு வகுப்புகளாகிவிடும். ‘தவறான விடை’ என்று எழுதாமல் ‘தவறான-விடை’ என எழுதுக.

2. ‘பொருள்’ என்பதிலுள்ள ‘பொ’வை யூனிகோடில் இரண்டு விதமாகப் பதியலாம். ஒகரக் குறியை ஒரே குறியீடாக இடலாம். ஒற்றைக்கொம்பு, கால் எனப் பிரித்தும் இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. உலாவிக்கோ அவை வெவ்வேறு பெயர்கள். தேடல் வெறுங்கையோடு திரும்பும்.

இவை தமிழின் குறைகள் அல்ல. கற்பிக்க வேண்டிய பாடங்கள். இதைக் காட்டி “தமிழ் ஒத்துவராது” என்போர், சந்திப்பிழை வருகிறதென்று எழுதுவதையே நிறுத்தச் சொல்வாரோ?

நாளை பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலைக்குச் செல்லும் பிள்ளை, அங்குள்ள குழுவின் வழக்கப்படி ஆங்கிலப் பெயர் இடட்டும், அதில் இழுக்கில்லை. முதலில் கற்க வேண்டியது பெயரிடும் அறிவு. ‘சிவப்பு’ என்று பெயரிட்டால் நாளை நிறம் மாறும்போது பெயர் பொய்யாகும். ‘தவறு’ என்று பெயரிட்டால் நிறம் எதுவானாலும் பெயர் நிற்கும். தோற்றத்தை விட்டுப் பொருளைப் பிடிக்கும் இந்தப் பகுத்தறிவு தாய்மொழியில் விரைவாக வரும். பொருள் விளங்காத ஆங்கிலச் சொல்லைப் பார்த்தெழுதும் குழந்தை நிரல் கற்கவில்லை; எழுத்துக்கூட்டலை மனனம் செய்கிறது.

ஆகவே, ஆசிரியர்களே, பெற்றோர்களே! கணினியே மறுக்காத தமிழை நாம் ஏன் மறுக்க வேண்டும்? சிந்திப்போம்.