கதவை மூடியவர் யார்? பட்டினி யாருக்கு?

செஞ்சிக் கோட்டையை மொகலாயப் படை 1690-ல் முற்றுகை இட்டது. 1698-ல்தான் கோட்டை விழுந்தது. இத்தனை ஆண்டுகள் தாக்குப் பிடிக்க மதில் மட்டும் போதுமா? சோறு வேண்டாமா? ராஜகிரி மலை அடிவாரத்தில் பெரிய நெற்களஞ்சியம் இன்றும் நிற்கிறது.

ஆலைத் தகராறும் ஒரு முற்றுகைதான். முதலாளிக்குக் களஞ்சியம் உண்டு. தொழிலாளிக்கு? ஆலை வேலைக்குப் போன மகன் அனுப்பும் பணம் நின்றால், செஞ்சிப் பக்கத்துக் கிராமத்தில் அடுப்பு அணைந்து விடும்.

1921-ல் சென்னை பின்னி ஆலையில் கதவடைப்பும் வேலைநிறுத்தமும் மாதக் கணக்கில் நீடித்தன. திரு.வி.க. துணை நின்றார். ஆனாலும் தொழிலாளர்கள் தோற்றார்கள்.

உதவி உண்டு, ஆனால்...

வேலை இழந்தவருக்கு இ.எஸ்.ஐ. மூலம் பணம் தரும் திட்டம் 2018 ஜூலை 1-ந் தேதி தொடங்கியது. "அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா" என்று பெயர். முதலில் சராசரிச் சம்பளத்தில் கால் பங்கு கொடுத்தார்கள். கொரோனா வந்த 2020-ல் அது பாதி ஆயிற்று. 90 நாள் வரை கிடைக்கும் என்றார்கள்.

யாருக்குக் கிடையாது? சட்ட விரோதம் என்று அறிவிக்கப்பட்ட வேலைநிறுத்தம் செய்தால் கிடையாது. கதவடைப்புக் காலத்திலும் கிடையாது!

முதல் விதியில் ஒரு நியாயம் இருக்கலாம். வேலைக்கு வர மாட்டேன் என்றவர் தொழிலாளி. ஆனால் கதவடைப்பு முதலாளி செய்வது. தொழிலாளி சாப்பாட்டுத் தூக்குடன் வாசலில் நிற்கிறார். உள்ளே விட மறுக்கிறார்கள். அவருக்கு வேலை போகவில்லை என்று யார் சொல்ல முடியும்?

யார் வீட்டுப் பணம்?

"முதலாளி கட்டிய பணத்தை எடுத்து, அவரோடு மோதுகிறவருக்குக் கொடுப்பதா?" என்று கேட்பார்கள். 2019 முதல் நூறு ரூபாய் சம்பளத்துக்கு முதலாளி 3 ரூபாய் 25 காசு கட்ட வேண்டும். தொழிலாளியின் பங்கு 75 காசு. எனவே அது முதலாளி வீட்டுப் பணம் மட்டும் அல்ல. இருவரும் சேர்ந்து கட்டிய காப்பீடு. ஆபத்துக்கு உதவாத காப்பீடு எதற்கு?

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் கதவடைப்பு என்றால் உதவி உண்டு. வேலைநிறுத்தம் செய்தவருக்குக்கூட 14 நாள் கழிந்ததும் உதவி தர 2023-ல் சட்டம் செய்தார்கள்.

இங்கே அவ்வளவு தூரம் போக வேண்டாம். உதவி கிடையாது என்ற பட்டியலில் இருந்து "கதவடைப்பு" என்ற ஒரு சொல்லை நீக்கினால் போதும். யார் பக்கம் நியாயம் என்பதைத் தீர்ப்பாயம் சொல்லட்டும். தீர்ப்பு வரும் வரை குழந்தைகள் சாப்பிட வேண்டாமா?