வால்வுக்கு ஒரு நியாயம், அணு உலைக்கு ஒரு நியாயமா?

கோவை கணபதி, பீளமேடு பக்கம் ஏதாவது ஒரு வால்வு பட்டறைக்குப் போய்ப் பாருங்க. டெஸ்ட் பெஞ்சில் ஏத்தி, தண்ணி பிரஷர் குடுத்து நிறுத்தி வெச்சுப் பார்ப்பாங்க. பாடியில் ஒரு சொட்டு கசிஞ்சாலும் ரிஜெக்ட். வாங்கின கம்பெனியில் போய்க் கசிஞ்சா, செஞ்சவன் தலையிலதான் விடியும்.

சாதா தண்ணி வால்வுக்கே இந்தக் கறார். அணு உலைக்கு?

கல்பாக்கம், கக்ராபார் உலைகளில் எரிபொருளின் சூட்டை எடுத்து வெளியே கொண்டு வருவது கனநீர். பிரஷர் டியூப் வழியா, சுமார் 300 டிகிரியில், கடும் அழுத்தத்தில் ஓடும். அந்த டியூபைச் சுத்தி இன்னொரு டியூப். கக்ராபாரில் ரெண்டுக்கும் நடுவில் கார்பன் டை ஆக்சைடு சுத்திக்கிட்டே இருக்கும். உள் டியூபில் மயிரிழை விரிசல் விட்டாலும் வாயுவில் ஈரம் ஏறும், கருவி காட்டிக் குடுத்துடும். அருமையான ஏற்பாடு. இன்ஜினியரிங் படிச்சவனா இதில் குறை சொல்ல மாட்டேன்.

ஆனா நடந்தது என்ன?

1999 மார்ச் 26, கல்பாக்கம் 2-வது அலகு. சேனல்களைச் சோதிக்கும் வேலை நடந்தப்பவே சீல் பிளக் கழன்று, கனநீர் டன் கணக்கில் கொட்டியது. சோதனைக்குப் போன இடத்திலேயே கசிவு!

2015 ஜூலை, குஜராத் கக்ராபார் 2-வது அலகில் கசிவு. அதுலயே பாடம் படிச்சிருக்கணும். 2016 மார்ச் 11, புகுஷிமா விபத்தின் 5-ம் ஆண்டு நாள். அதே கக்ராபாரில் 1-வது அலகில் கசிவு, அவசரநிலை அறிவிப்பு. பிரஷர் டியூபின் வெளிப்புறம் அரிச்சுப் போயிருந்தது. காரணம்? கசிவை மோப்பம் பிடிக்க விட்ட அந்தக் கார்பன் டை ஆக்சைடில் கலந்திருந்த ஹைட்ரோகார்பன் மாசு. வேலியே பயிரை மேஞ்ச கதை! சேனல்களை மொத்தமா மாத்தி, 2-வது அலகு 2018-லும், 1-வது அலகு 2019-லும்தான் திரும்ப ஓடுச்சு.

வாங்கின வாயுவின் தரத்தை யார் சோதிச்சது? தப்புக்கு யார் பொறுப்பு?

இப்ப அரசியலுக்கு வருவோம். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் பற்றிய 2012 சிஏஜி அறிக்கை சொன்னது: விதிமீறலுக்கு அதிகபட்ச அபராதம் வெறும் 500 ரூபாய். நம்ம ஊர்ல ஹெல்மெட் போடலைன்னாலே 1,000 ரூபாய்!

2025 டிசம்பரில் ஒன்றிய அரசு சாந்தி சட்டம் கொண்டு வந்தது. வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து குடுத்திருக்காங்க, அது நல்ல விஷயம், மறுக்கல. ஆனா அதே சட்டம் தனியாருக்கு அணு உலைக் கதவைத் திறந்து விடுது. குறையுள்ள பொருளைக் குடுத்த சப்ளையர் மேல் உலை நடத்துறவர் இழப்பீடு கோர வழி செய்த 2010 சட்டத்தின் பிரிவையும் கழட்டி விட்டுடுச்சு. 2010-ல் எதிர்க்கட்சியா இருந்து அந்தப் பிரிவு வேணும்னு மல்லுக்கு நின்னது யார்? இதே பாஜக. அன்னைக்கு மக்கள் உயிர், இன்னைக்கு சப்ளையர் லாபமா?

"மின்சாரம் வேண்டாமா?"ன்னு கேப்பாங்க. வேணும்ங்க! 2012 மின்வெட்டில் தறி நின்னு, மோட்டார் நின்னு, கூலி இல்லாம நின்ன கொங்கு மண்ணுக்கு கரண்டோட அருமையை யாரும் பாடம் நடத்த வேண்டாம். கூடங்குளத்து மீனவனின் பயத்தை விலையா வெச்சு எங்களுக்கு கரண்ட் வேண்டாம்னுதான் சொல்றோம்.

நம்ம கோரிக்கை மூணே மூணு:

1. கல்பாக்கம், கூடங்குளத்தில் எந்தக் கசிவு நடந்தாலும் அன்னைக்கே, அளவோட, தமிழில் அறிவிக்கணும்.
2. ஒவ்வொரு ஆய்வு அறிக்கையும் பொதுவெளியில் வரணும்.
3. சப்ளையர் பொறுப்புப் பிரிவு திரும்ப வரணும்.

ஒரு வால்வுக்குப் பொறுப்பேத்துக்கிற கணபதி பட்டறைக்காரருக்கு இருக்கிற நேர்மை, பல்லாயிரம் கோடி உலைக்கு இருக்கக் கூடாதா?

படிங்க, பகிருங்க, உங்க எம்பியை டேக் பண்ணிக் கேளுங்க.

#கசிவைமறைக்காதே #பொறுப்பைக்கழட்டாதே