பழக்கமும் வழக்கமும்

சென்ற ஆண்டு எங்கள் பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த இலவச இரத்தப் பரிசோதனை முகாமில் வரிசையில் நின்றபோது எனக்கிருந்த ஒரே கவலை, ஆய்வேட்டின் மூன்றாம் இயலை அன்று மாலைக்குள் நெறியாளருக்கு அனுப்பிவிட வேண்டும் என்பதுதான். சில நாள் கழித்து முடிவு வந்தது. கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 6.1. அது 5.7க்குக் கீழே இருந்தால் இயல்பு, 6.5ஐ எட்டினால் நீரிழிவு. இருபத்தெட்டு வயதில், பருமன் என்று யாரும் சொல்லிவிட முடியாத உடலோடு, நான் இரண்டுக்கும் நடுவே நின்றிருந்தேன்.

"வாழ்க்கைமுறையை மாற்றிக்கொள்ளுங்கள்" என்றார் மருத்துவர். துண்டறிக்கை ஒன்றும் கொடுத்தார். மொழியியல் படித்தவர்களுக்கு ஒரு குறைபாடு உண்டு. எதைப் படித்தாலும் பொருளுக்கு முன் வினைமுற்றைத்தான் பார்ப்போம். நடங்கள், குறையுங்கள், தவிருங்கள், உறங்குங்கள், கவலைப்படாதிருங்கள். பத்து வரிகள், பத்தும் முன்னிலை ஏவல். எழுவாய் எங்கும் 'நீங்கள்' மட்டுமே. விடுதி உணவுக்கூடம், துறை, நூலகம், தெருவிளக்கு என எதுவும் அந்த அறிக்கையின் எந்த வாக்கியத்திலும் எழுவாயாக இல்லை.

அறிவுரைகளில் தவறில்லை. வாரத்திற்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு, நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்பன உலகச் சுகாதார நிறுவனமே வலியுறுத்துபவை. என் கேள்வி வேறு. இவ்வளவு எளிய அறிவுரையை, படித்தவர்கள் நிறைந்த ஒரு வளாகத்தில்கூட ஏன் பெரும்பாலோரால் கடைப்பிடிக்க முடியவில்லை?

என் ஒரு நாளை அடுக்கிப் பார்த்தேன். காலை உணவு எட்டரை மணியோடு முடியும். இரவு இரண்டு மணி வரை எழுதியவர் அதைத் தவறவிடுவார். பதினொரு மணிக் கருத்தரங்கில் தேநீரும் கிரீம் பிஸ்கட்டும். மதியத் தட்டில் மலைபோல் வெள்ளைச் சோறு, ஓரத்தில் தண்ணீராய்ப் பருப்பு, ஒரு கரண்டி உருளைக்கிழங்கு. சோற்றுக்கு அளவில்லை, காய்க்கும் முட்டைக்கும் அளவு உண்டு. பின்னர் மாலை வரை நாற்காலி. இருட்டிய பிறகு நடக்கலாமென்றால் எங்கள் மகளிர் விடுதிக்குச் செல்லும் சாலையில் பாதி விளக்குகள் எரிவதில்லை. இரவு பதினொன்றரைக்கு "நாளை காலை பேசலாமா?" என்று துறையிலிருந்து ஒரு செய்தி. இதில் எந்த இடத்தில் நான் 'வாழ்க்கைமுறையை' மாற்றுவது?

இது என் ஒருத்தியின் கதையாக இருந்தால் இவ்வளவு நீட்டி எழுதியிருக்க மாட்டேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்வு, சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும் 13.6 கோடிப் பேருக்கு அதன் முந்தைய நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. இருபத்துமூன்று கோடிக்கும் மேற்பட்டோர் ஒரே காலத்தில் மன உறுதி இழந்துவிட்டார்கள் என்று நம்புவது கடினம். அவர்களைச் சூழ்ந்திருப்பது எது என்று கேட்பதே அறிவுக்குப் பொருத்தம்.

தமிழ் இங்கே நமக்கு ஒரு நல்ல கருவியைத் தருகிறது. 'பழக்கவழக்கம்' என்று ஒரே மூச்சில் சொல்கிறோம். அதில் இரண்டு சொற்கள் உள்ளன. பழகு என்பதிலிருந்து பழக்கம். வழங்கு என்பதிலிருந்து வழக்கம். ஒருவர் உடலிலும் மனத்திலும் படிவது பழக்கம். ஒரு கூட்டத்தினரிடையே வழங்கிவருவது வழக்கம். இரவில் கண்விழிப்பது என் பழக்கமாக இருக்கலாம்; இரவில் கண்விழிப்பவரே உழைப்பாளி என்று மதிப்பது எங்கள் துறையின் வழக்கம். பிஸ்கட் தின்பது என் பழக்கம். கருத்தரங்கில் பிஸ்கட் மட்டுமே வைப்பது வழக்கம். நோய்த்தடுப்புப் பரப்புரை முழுவதும் பழக்கத்தை நோக்கியே பேசுகிறது, வழக்கத்தைத் தொடுவதில்லை. பழக்கத்திற்கு ஏவல் போதும். வழக்கத்தை மாற்றவோ பணம் வேண்டும், ஆணை வேண்டும், யாராவது பொறுப்பேற்க வேண்டும்.

உடற்பயிற்சியையும் இதயநோயையும் இணைத்த தொடக்ககால ஆய்வுகளில் புகழ்பெற்றது, ஜெரமி மாரிசும் அவர் குழுவினரும் 1953இல் வெளியிட்டது. லண்டன் இரட்டை அடுக்குப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். நாள் முழுதும் அமர்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கிக்கொண்டே இருந்த நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாகவே வந்தது. ஓட்டுநர்களின் சீருடை இடுப்பளவு பணியில் சேரும்போதே சற்றுக் கூடுதலாக இருந்ததைப் பின்னர் மாரிஸ் குழுவே கண்டறிந்து வெளியிட்டது. ஆகவே வேறுபாடு முழுவதையும் படிக்கட்டின் கணக்கில் எழுத இயலாது. எனினும் உடலியக்கம் இதயத்தைக் காக்கிறது என்பதைப் பிந்தைய ஆய்வுகள் பலவும் உறுதிசெய்தன. அந்த நடத்துநர்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவர்களில் யாரும் நலவாழ்வுக்காகப் படி ஏறவில்லை. பயணச்சீட்டுக் கொடுக்கத்தான் ஏறினார்கள். அவர்களுடைய நாளின் அமைப்பிலேயே உடலுழைப்பு இருந்தது. ஆய்வு மாணவரின் நாளோ ஓட்டுநரின் நாள். இருக்கைக்கு முன்னே சாலைகூட இல்லை, திரை மட்டுமே.

அப்படியானால் தனிமனிதருக்குப் பொறுப்பே இல்லையா? அப்படிச் சொல்லவில்லை. சென்னையில் அ. இராமச்சந்திரனும் குழுவினரும் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வை எடுத்துக்கொள்வோம். நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரைப் பல குழுக்களாகப் பிரித்துச் சராசரியாக இரண்டரை ஆண்டு கண்காணித்தார்கள். உணவிலும் நடையிலும் மாற்றம் செய்துகொண்ட குழுவில் நோயாக மாறும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. மெட்பார்மின் மாத்திரை உண்ட குழுவிலும் ஏறக்குறைய அதே அளவுதான் குறைந்தது. ஒரு மாத்திரைக்கு நிகரான பயனை நடையும் உணவும் தருகின்றன என்பது சிறிய செய்தியன்று. ஆனால் அந்தப் பங்கேற்பாளர்களைத் துண்டறிக்கையோடு வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. மீண்டும் மீண்டும் தொடர்புகொண்டார்கள், கேட்டார்கள், நினைவூட்டினார்கள். வெற்றி பெற்றது மன உறுதி மட்டுமன்று. துணையோடு கூடிய மன உறுதி.

என் அனுபவமும் அதுவே. கைப்பேசிச் செயலியை நம்பி இருமுறை நடக்கத் தொடங்கினேன். இருமுறையும் மூன்றாம் வாரத்தில் நின்றுபோனது. பிறகு விடுதித் தோழியர் மூவரோடு இரவு உணவுக்குப் பின் அரைமணி நேரம் நடக்கத் தொடங்கினேன். விளக்கெரியாத சாலையில் நால்வராகச் சென்றால் அச்சம் குறைவு. ஒருத்தி வராவிட்டால் மற்றவர்கள் அறைக் கதவைத் தட்டுவார்கள். தமிழில் 'பழகு' என்பதற்கு ஒருவரோடு நட்பாயிருத்தல் என்றும் பொருள் உண்டு என்பதை அந்த நடைகளில்தான் உணர்ந்தேன். எட்டு மாதம் கழித்து அளவு 5.8. இன்னும் எல்லையைத் தாண்டி வெளியே வரவில்லை. திரும்பிய திசை மட்டும் தெரிகிறது.

நண்பர்கள் துணையும் ஓரளவுக்குத்தான் உதவும். நான் படிக்கும் ஐதராபாத்தில்தான் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. 1918இல் குன்னூரில் பெரிபெரி நோயை ஆராயும் ஒரு சிறு பிரிவாகத் தொடங்கியது அது. தீட்டிய அரிசியையே நம்பியிருந்த மக்களைத் தாக்கிய நோய் பெரிபெரி. அந்நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், ஒரு நாளின் ஆற்றலில் தானியங்களின் பங்கு 45 விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம் என்கிறது. அதே நகரத்தில் எங்கள் விடுதித் தட்டு அந்த வழிகாட்டுதலைப் படித்ததாகத் தெரியவில்லை.

ஆகவே பேராசிரியர்களுக்கும் விடுதிக் காப்பாளர்களுக்கும் சக ஆய்வாளர்களுக்கும் சில வேண்டுகோள்கள். உணவுக்கூடத்தில் சோற்றைப் போலவே பருப்பையும் காயையும் அளவின்றி வையுங்கள். தேர்வு அதன் பிறகு எங்களுடையதாகட்டும். காலை உணவு நேரத்தை ஒரு மணி நீட்டியுங்கள். கருத்தரங்குத் தேநீரோடு சுண்டலோ வேர்க்கடலையோ ஒரு பழமோ போதும். செலவு பிஸ்கட்டைவிடப் பெரிதாகக் கூடாது. ஐம்பது நிமிடத்திற்கு ஒருமுறை அவையை எழுந்து நிற்கச் செய்யுங்கள், சிந்தனை கெட்டுவிடாது. இரவு ஒன்பதுக்குப் பின் துறைச் செய்திகள் வேண்டாம். ஆண்டுக்கொருமுறை இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் விருப்பமுள்ளோருக்கு அளந்து சொல்லுங்கள். இரண்டும் வலிக்காமல் வளர்பவை, அளக்காமல் தெரியாதவை. முதலில் அந்தச் சாலை விளக்குகளைச் சரிசெய்யுங்கள். மகளிர் விடுதிக்கு அதுவே உடற்பயிற்சிக் கூடம்.

இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. ஒரு துறைக்கூட்டத் தீர்மானம், ஓர் உணவுப் பட்டியல், ஒரு மின்பணியாளர் போதும். உங்கள் வளாகத்தில் இவற்றுள் ஏதேனும் ஏற்கெனவே வழக்கமாகியிருந்தால், எப்படிச் செய்துகாட்டினீர்கள் என்று கீழே எழுதுங்கள். எங்கள் விடுதிக் குழுவின் அடுத்த கூட்டத்திற்கு அதை எடுத்துச் செல்கிறேன்.