ஸ்டியரிங் நடுங்கும்போது...

தந்தையார் வாங்கிய காரை விற்க மனமின்றி இன்றும் பேணிவரும் குடும்பங்கள் பல உள்ளன. அவற்றுள் அம்பாசிடருக்குத் தனி இடம் உண்டு. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரைத் தழுவி, 1950களின் பிற்பகுதியிலிருந்து மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் உருவாகிவந்த அவ்வண்டியின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் நின்றுவிட்டது. ஆதலால் இன்று ஓடும் அம்பாசிடர்களில் மிக இளையதுகூடப் பத்தாண்டுகளைக் கடந்த வண்டியே ஆகும்.

இத்தகைய வண்டிகளை வைத்திருப்போர் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. நல்ல சாலையில் வண்டி அமைதியாகச் செல்கிறது. மேடு பள்ளத்தில் ஏறி இறங்கியதும் ஸ்டியரிங் கையில் நடுங்குகிறது. பலர் உடனே வீல் பேலன்சிங் செய்கின்றனர். அது போதாதென்று டயர்களை மாற்றுகின்றனர், பின்னர் ஷாக் அப்சார்பர்களையும் மாற்றுகின்றனர். பணம் கரைகிறது, நடுக்கம் மட்டும் போவதில்லை. காரணத்தைக் கேட்டறியாமல் மருந்தை மாற்றிக்கொண்டிருப்பதால் வரும் வினை இது. எந்தப் பாகத்தை மாற்றுவது என்று கேட்பதற்கு முன், நடுக்கம் எப்போது வருகிறது என்று கேட்கவேண்டும். இம்மாத நம் பேச்சு முழுவதும் இந்த ஒரு கேள்வியைப் பற்றியதே.

நடுக்கத்தில் மூன்று வகை உண்டு. சமமான சாலையிலும் குறிப்பிட்ட ஒரு வேகத்தை எட்டியதும் தோன்றி, அவ்வேகத்தைக் கடந்ததும் குறையுமானால், சக்கரத்தின் எடைச் சமநிலையையோ வளைந்த ரிம்மையோ பழுதான டயரையோ ஐயுறலாம். பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் தோன்றுமானால், பிரேக் டிரம் அல்லது டிஸ்க் சீராக இல்லை எனக் கொள்ளலாம். மேடு பள்ளத்தில் மட்டும் தோன்றுவதாயின், எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது, அல்லது அதிர்வை அடக்கவேண்டிய உறுப்பு தன் கடமையைச் செய்யவில்லை என்பதே பெரும்பாலும் பொருள். முதல் வகைக்குரிய பேலன்சிங் மூன்றாம் வகைக்கு மருந்தாகாது.

மூன்றாம் வகையிலும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும். பள்ளத்தில் விழும் கணத்தில் ஸ்டியரிங்கில் ஒரு சிறு உதை தெரிந்து உடனே அடங்குமானால், அது முற்றிலும் நோயன்று. அம்பாசிடரில் இருப்பது ரேக் அண்ட் பினியன் வகை ஸ்டியரிங். பல்வரிசை கொண்ட தண்டு ஒன்றைச் சிறு பற்சக்கரம் நேராகத் தள்ளுவதால், சக்கரம் வாங்கும் அடி எளிதாகக் கைக்கு வந்து சேரும். பிரீமியர் பத்மினி போன்ற கார்களின் பெட்டி வகை ஸ்டியரிங் அவ்வடியை ஓரளவு தானே விழுங்கிக்கொள்ளும். ஆனால் உதைக்குப் பின்னரும் ஸ்டியரிங் இடமும் வலமுமாகத் துடித்துக்கொண்டே இருந்தாலும், முன்பு மெல்லியதாயிருந்த உதை நாளுக்கு நாள் வலுத்தாலும், வண்டியை ஆராயாமல் விடலாகாது.

இத்துடிப்பு மோட்டார் உலகத்துக்குப் பழைய தொல்லை. முற்காலக் கார்களில் முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே இரும்பு அச்சின் இரு முனைகளில் நின்றன. ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் அச்சு சாயும். அதனால் மறுசக்கரமும் சாயும். சுழலும் பம்பரத்தைச் சாய்த்தால் அது வேறு பக்கம் திரும்ப முனைவதைப் போல, சுழலும் சக்கரங்களும் சாய்ந்த மாத்திரத்தில் திரும்ப முனையும். இவ்வாறு ஒரு மேட்டில் தொடங்கிய ஆட்டம் தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும். ரோல்ஸ்-ராய்ஸில் பணிபுரிந்து, 1930-இல் அமெரிக்காவின் காடிலாக் நிறுவனத்தில் சேர்ந்த மாரிஸ் ஆலி என்னும் பொறியாளர் இத்தகைய சிக்கல்களை ஆராய்ந்தவர்களுள் முக்கியமானவர். ஒவ்வொரு முன்சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பு 1934-ஆம் ஆண்டு மாடல்களில் காடிலாக் முதலிய கார்களில் வந்தது. அம்பாசிடரும் அத்தகைய தனி அமைப்பு உடையதே. நீளவாட்டில் செல்லும் முறுக்குக் கம்பிகள் அதன் முன்பாரத்தைத் தாங்குகின்றன. எனவே அதில் தொடர்ந்த துடிப்பு இயல்பாகத் தோன்றாது. தோன்றினால் தேய்மானத்தைத் தேடவேண்டும். ஒற்றை அச்சு உடைய பழைய ஜீப்புகளிலோ, சிறு தளர்ச்சியும் பெருந்துடிப்பாக மாறக்கூடும்.

இனி வீட்டு முற்றத்திலேயே செய்யத்தக்க சோதனைகளைப் பார்ப்போம். செலவில்லாதவற்றிலிருந்து தொடங்குவதே முறை.

முதலில் டயர். காற்றழுத்தம் வண்டிக்கான கையேட்டில் உள்ளபடி இருபுறமும் சமமாக இருக்கிறதா? பக்கச் சுவரில் வீக்கமோ வெடிப்போ உண்டா? ஓடுபரப்பைக் கையால் தடவினால் அலை அலையாக மேடு பள்ளம் தட்டுப்படுகிறதா? அவ்வாறு தட்டுப்படின், ஷாக் அப்சார்பர் ஓய்ந்ததாலோ பேலன்சிங் கெட்டதாலோ சக்கரம் குதித்துக் குதித்து ஓடியிருக்கக்கூடும். 2000-க்குப் பின் செய்யப்பட்ட டயர்களின் பக்கச் சுவரில் 4 இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்யப்பட்டது எனக் கொள்க. குறைவாக ஓடும் பழைய கார்களில் டயர் தேயாமலே முதுமையடையும். சக்கர நட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

அடுத்து, வண்டியைத் தரையில் நிறுத்தியபடியே ஒருவர் உள்ளே அமர்ந்து, ஸ்டியரிங்கைச் சிறிதளவு இடமும் வலமுமாக விரைந்து அசைக்கட்டும். எஞ்சின் அணைந்திருக்கவேண்டும், கைபிரேக் இழுபட்டிருக்கவேண்டும். மற்றவர் டார்ச் விளக்குடன் முன்புறம் குனிந்து, டை ராடு எண்டு ஒவ்வொன்றின்மீதும் விரலை வைத்துப் பார்க்கட்டும். நல்ல மூட்டில் இருபாகமும் ஒன்றாக அசையும். தேய்ந்த மூட்டில் ஒன்று முந்த, மற்றொன்று பிந்தும். அந்தச் சிறு 'டக்' என்னும் தட்டலை விரலே சொல்லிவிடும். ரேக்கைப் பிடித்திருக்கும் கிளாம்புகள் தளர்ந்து ரேக்கே நகர்கிறதா, அதன் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் உறைகள் கிழிந்துள்ளனவா என்பனவும் இப்போதே தெரியும். பெட்டி வகை ஸ்டியரிங்காயின், ஐட்லர் ஆர்மையும் பெட்டியின் போல்ட்டுகளையும் பார்க்கவேண்டும்.

மூன்றாவதாக, முன்பக்கத்தை ஜாக்கியால் உயர்த்திச் சோதிக்கவேண்டும். சமதரையில் பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, வலுவான ஸ்டாண்டுகளின்மேல் வண்டியை இறக்கிய பின்னரே சக்கரத்தைத் தொடவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அதன் அடியில் ஒருவரும் புகலாகாது. இனிச் சக்கரத்தைக் கடிகார முகம் எனக் கொண்டு, 12-லும் 6-லும் பிடித்து உள்ளும் வெளியுமாக அசைக்கவேண்டும். ஆட்டம் தெரிந்தால் மற்றவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங்கில் தளர்ச்சி. மறையாவிட்டால் சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் கிங் பின் அல்லது பால் ஜாயின்டில் தேய்மானம். பின்னர் 3-லும் 9-லும் பிடித்து அசைத்தால் ஸ்டியரிங் மூட்டுகளின் நிலையும் வெளிப்படும்.

நான்காவது ஷாக் அப்சார்பர். அதன் உடலில் எண்ணெய் வழிந்திருந்தால் ஐயத்துக்கே இடமில்லை. வண்டியின் முன்மூலையை ஓங்கி அமுக்கி விட்டால் அது எழுந்து அடங்கவேண்டும்; மீண்டும் மீண்டும் ஆடலாகாது. எனினும் இச்சோதனையில் தேறிய ஷாக் அப்சார்பர் நல்லது என்று உறுதி கூற இயலாது. தேறாதது கெட்டது என்று மட்டும் கூறலாம். அருகிலுள்ள ரப்பர் புஷ்களையும் பாருங்கள். எஞ்சின் எண்ணெயில் ஊறி உப்பியோ வெயிலில் வெடித்தோ போன புஷ், பள்ளத்தில் விழுந்த சக்கரத்தை முன்னும் பின்னும் நழுவ விடும்.

ஐந்தாவது துரு. தனிச் சட்டம் இல்லாது உடலே சட்டமாக அமைந்தது அம்பாசிடர். ரேக்கும் முன் அமைப்பும் பொருந்தியுள்ள தகட்டில் துரு அரித்திருந்தால், எத்தனை புதிய பாகம் பூட்டினாலும் பயனில்லை. போல்ட்டுகளைச் சுற்றி வெடிப்போ பெயர்ந்த வண்ணமோ இருந்தால் தேர்ந்த தகட்டு வேலைக்காரரிடம் காட்டவேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. டை ராடு எண்டும் பால் ஜாயின்டும் தளர்ந்திருப்பது வசதிக் குறைவு மட்டுமன்று. மூட்டு முற்றிலும் கழன்றால் அச்சக்கரம் ஓட்டுநருக்குக் கட்டுப்படாது. குடும்பமே ஏறியிருக்கும் வண்டியில் அது உயிர்ப் பிரச்சினை ஆகும். ஆகவே தெளிவான ஆட்டம் கண்டால் அன்றே வண்டியை நிறுத்திவிடவேண்டும். பட்டறைக்கும் இழுத்துச் செல்வதே நன்று. புதிய மூட்டைப் பூட்டியபின், நட்டின் குறுக்கே செருகவேண்டிய காட்டர் பின் இருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். சில காசு பெறுமானமுள்ள அந்தப் பின்தான் நட்டைக் கழலாமல் காக்கிறது.

ஓடும்போதே பெருந்துடிப்பு கண்டால் பிரேக்கை அழுத்தி மிதிக்கவேண்டாம். ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, வேகம் தணிந்ததும் இடப்புறம் ஒதுக்கி நிறுத்துங்கள்.

மூட்டுகளை மாற்றிய பின்னரே வீல் அலைன்மென்ட் செய்யவேண்டும். தளர்ந்த மூட்டோடு செய்த அலைன்மென்ட் அடுத்த பள்ளம் வரைதான் நிற்கும். நடுக்கத்தை அடக்கத் தனி டேம்பர் பூட்டலாம் என்று யாரேனும் சொன்னால், காரணம் கண்டபின் பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள். அது தேய்ந்த மூட்டைச் சீராக்குவதில்லை. மூட்டு விடும் எச்சரிக்கையை நம் கைக்கு எட்டாமல் தடுத்துவிடுகிறது.

பட்டறைக்குச் செல்லுமுன் ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த வேகத்தில், எத்தகைய சாலையில், பிரேக் பிடித்தபோதா பிடிக்காதபோதா, எத்தனை நொடி நடுக்கம் நீடித்தது? இந்த 4 விடைகளோடு வரும் வாடிக்கையாளரை நல்ல மெக்கானிக் மகிழ்ந்து வரவேற்பார். அவற்றைக் கேளாமலே ஸ்பேனரை எடுப்பவரிடம் வண்டியை ஒப்படைக்குமுன் சற்றுச் சிந்தியுங்கள்.